இல்லத்து மின்சுற்றுடைப்பான்: அதன் உள்ளமைப்பும் தொழிலும்

இற்றைநாளில் மின்னொளி பெறாத இல்லங்கள் நம் நாட்டில் மிகச் சிலவே. ஆளியை அழுத்தியதும் விளக்கெரிகின்றது, விசிறி சுழல்கின்றது, கிணற்று நீர் மேல்நிலைத் தொட்டிக்கு ஏறுகின்றது. இவற்றை நாள்தோறும் நுகரும் நாம், சுவரிற் பொருத்தப்பட்டிருக்கும் மின்பலகையை ஏறிட்டும் பார்ப்பதில்லை. என்றேனும் ஒருநாள் அங்குள்ள சிறு நெம்பு தானாகக் கீழே விழுந்து வீடு இருளும்போதே அதன் நினைவு வருகின்றது. அப்பொழுதும், 'ட்ரிப் சுவிச் விழுந்துவிட்டது' என்று கூறி அதனை மேலே தள்ளிவிட்டு அப்பாற் செல்வதே வழக்கம். அது மீண்டும் மீண்டும் விழுமாயின், 'இது பழுதுபட்டுவிட்டது. இதனினும் பெரிதாக ஒன்று போடவேண்டும்' என்னும் முடிவுக்கு வருவோரும் உளர்.

இம்முடிவு பெருந்தீங்குக்கு ஏதுவாகும். விழுந்த நெம்பு பெரும்பாலும் பழுதுபட்ட நெம்பன்று; தன் கடமையைச் செய்த நெம்பேயாகும். அக்கருவி எதனைக் காக்கின்றது, எதனைக் காவாது விடுகின்றது என்னும் இரு வினாக்களுக்கும் விடை தெரிந்தவர் அங்ஙனம் முடிவு செய்யார். அவ்விடையை அறிதற்குக் கருவியின் உள்ளே நோக்குதல் வேண்டும். அதனை எளிமையாக விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் பெயர்பற்றிய மயக்கமொன்றை நீக்குதல் நன்று. 'ட்ரிப் சுவிச்' என்னும் ஒரு பெயரால் இரு வேறு கருவிகளை நம்மவர் குறிப்பர். மின்பலகையில் வரிசையாக நிற்கும் ஒடுங்கிய கருவிகள் சிறு சுற்றுடைப்பான்களாம், இவற்றை எம்.சீ.பி. என்பர். அவற்றின் அருகே, சோதனைப் பொத்தானொன்றுடன் சற்று அகன்று நிற்பது மீதி மின்னோட்டச் சுற்றுடைப்பான், இதனை ஆர்.சீ.சீ.பி. என்பர். இவ்விரண்டும் உருவில் உறவினர் போலத் தோன்றினும் தொழிலில் வேறானவை. முன்னையதை முதலில் ஆராய்ந்து, பின்னையதற்கு வருவோம்.

மின்னோட்டமும் வெப்பமும்

கம்பியொன்றில் மின்னோட்டம் செல்லுங்கால் அங்கே வெப்பம் பிறக்கின்றது. இவ்வெப்பத்தின் அளவு மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு நேர்விகித சமமானது என்பதை யேம்சு யூல் என்னும் ஆங்கில அறிஞர் 1841 இல் வெளியிட்டார். ஓட்டம் இருமடங்காயின் வெப்பம் நான்மடங்காகும். ஓட்டம் மும்மடங்காயின் வெப்பம் ஒன்பது மடங்காகும். இவ்விதியே வீட்டு மின்காப்பின் அடிப்படையாகும்.

ஓர் எடுத்துக்காட்டைக் கணித்துப் பார்ப்போம். குதைகளுக்குச் செல்லும் செப்புக் கம்பி 2.5 சதுர மில்லிமீற்றர் குறுக்குவெட்டுடையது எனக் கொள்வோம். அக்கம்பியின் தடை கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 7.4 ஓம் ஆகும். மின்பலகையிலிருந்து குதைக்குத் தூரம் 20 மீற்றராயின், போக்குவரவு இரண்டுக்குமாக 40 மீற்றர் கம்பி உண்டு. அதன் தடை ஏறத்தாழ 0.3 ஓம். இதனூடு 16 அம்பியர் செல்லும்போது பிறக்கும் வெப்பம் ஏறத்தாழ 77 உவாற்று. நீண்ட கம்பியிற் பரந்து செல்வதால் இது தீங்கின்றிச் சுவரிற் கலந்துவிடும். ஆனால் 32 அம்பியர் சென்றால் வெப்பம் 307 உவாற்றாகின்றது. கம்பியைப் போர்த்திருக்கும் பீ.வீ.சீ. உறை தொடர்ந்து தாங்கத்தக்க வெப்பநிலை பொதுவாக 70 பாகை செல்சியசு மட்டுமே. அதற்கு மேற்படின் உறை இளகும். நாளடைவில் வெடித்து உதிரும். ஈற்றில் கம்பிகள் ஒன்றையொன்று தொட்டுத் தீ மூளவும் கூடும். இவையெல்லாம் சுவரினுள்ளும் கூரையின் மேலும், நம் கண்ணுக்குப் புலப்படாத இடங்களில் நிகழ்வன என்பதே அச்சத்துக்குரியது.

ஆகவே சுற்றுடைப்பான் முதன்மையாகக் காப்பது கம்பியை. நாம் பயன்படுத்தும் கருவியை அன்று, நம்மையும் அன்று. இவ்வுண்மையை மனத்திற் பதித்துக்கொண்டால் பின்வருவன யாவும் எளிதில் விளங்கும்.

உருகியும் அதன் குறையும்

சுற்றுடைப்பானுக்கு முன் இக்காவற்றொழிலைச் செய்தது உருகியாகும். சுற்றிலுள்ள மற்றைக் கம்பிகளினும் மெல்லியதொரு கம்பியை ஓரிடத்தில் வேண்டுமென்றே வைத்தால், மிகையோட்டம் வரும்போது அதுவே முதலில் உருகி அறும், ஏனைய பிழைக்கும். எளிமையும் மலிவும் இதன் சிறப்புகள். ஆயினும் ஒருமுறை எரிந்த உருகிக்குப் புதுக்கம்பி கட்டவேண்டும். இருளில், அவசரத்தில், சரியான கம்பி கைக்கு அகப்படாதபோது, மின்வடத்திலிருந்து உரித்தெடுத்த செப்பிழைகள் இரண்டு மூன்றை முறுக்கிக் கட்டுவோர் பலர். அக்கணமே காவலன் நீங்கிவிடுகின்றான். அவனுடைய உடை மாத்திரம் தொங்குகின்றது. அடுத்து மிகையோட்டம் வரின் உருகுவது உருகியன்று, சுவரினுள்ளிருக்கும் கம்பியே.

தானாகத் திறந்து, மீண்டும் கையால் மூடத்தக்க கருவியொன்றைப் பற்றித் தோமசு அல்வா எடிசன் 1879 ஆம் ஆண்டிலேயே தம் காப்புரிமை விண்ணப்பமொன்றில் விவரித்திருந்தார். எனினும் அவர் வணிக முறையில் நிறுவிய மின்வழங்கல் அமைப்பில் உருகிகளே இடம்பெற்றன. இன்று நம் வீடுகளிற் காணும் சிறு சுற்றுடைப்பானின் முன்னோடி 1924 இல் செருமனியின் மான்ஹைம் நகரில் தோன்றியது. ஊகோ ஸ்ரொட்ஸ் என்பாருடைய நிறுவனம் அவ்வாண்டு அதற்குக் காப்புரிமை பெற்றது. வெப்பத்தால் இயங்கும் பொறியையும் காந்தத்தால் இயங்கும் பொறியையும் ஒரே சிறு கூட்டினுள் இணைத்தமையே அதன் சிறப்பு. ஏன் இரு பொறிகள் வேண்டும் என்பது இனி விளங்கும்.

உள்ளே நோக்குதல்

கழிக்கப்பட்ட பழைய சுற்றுடைப்பானொன்றின் பக்கத் தறையாணிகளை அகற்றிப் பிளந்தால், ஏறத்தாழ 18 மில்லிமீற்றர் அகலமேயுள்ள கூட்டினுள் வியத்தகு ஒழுங்கைக் காணலாம். மாணவர் இதனைச் செய்யின், சுற்றிலிருந்து முற்றாக நீக்கப்பட்ட கருவியையே பிளத்தல் வேண்டும். மின்னோட்டம் செல்லும் வழியே நாமும் சென்றால் உறுப்புகள் ஒவ்வொன்றாக எதிர்ப்படும். ஒருமுனைத் திருகாணியிற் புகும் ஓட்டம், தடித்த செப்புக் கம்பியாலான வரிச்சுருளொன்றைச் சுற்றி நிலையான தொடுகையை அடைகின்றது. அங்கிருந்து அசையுந் தொடுகைக்குத் தாவுகின்றது. பின்னர் நெகிழ்வான செப்புப் பின்னலொன்றின் வழியாக ஈருலோகச் சட்டத்தை அடைந்து, மறுமுனைத் திருகாணியால் வெளியேறுகின்றது. ஆக்குவோருக்கேற்ப ஒழுங்கு சற்று மாறலாம், உறுப்புகள் இவையே.

இவற்றுள் ஈருலோகச் சட்டம் மெல்லென வரும் தீங்கை உணர்வது. வெப்பத்தால் மிக விரியும் உலோகத்தையும் மிகக் குறைவாக விரியும் உலோகத்தையும் முதுகோடு முதுகாக ஒட்டியதே இச்சட்டம். ஒரு மீற்றர் நீளமுள்ள பித்தளைக் கோல் 100 பாகை வெப்பநிலை உயர்வுக்கு ஏறத்தாழ 1.9 மில்லிமீற்றர் நீளும். 1896 இல் கியோம் என்னும் அறிஞர் கண்ட 'இன்வார்' என்னும் நிக்கலிரும்புக் கலப்புலோகமோ அதே உயர்வுக்கு 0.1 மில்லிமீற்றரைச் சிறிதே கடக்கும். ஒன்று நீள, மற்றது நீள மறுப்பதால், சட்டம் குறைவாக விரியும் உலோகத்தின் பக்கமாக வளைகின்றது. பௌதிக ஆய்வுகூடத்தில் ஈருலோகச் சட்டத்தைச் சுவாலையிற் பிடித்த மாணவர் யாவரும் இதனைக் கண்டிருப்பர். சுற்றுடைப்பானில் சுவாலைக்குப் பதிலாக மின்னோட்டமே சட்டத்தைச் சூடாக்குகின்றது. வளைவு ஓரெல்லையைக் கடந்ததும் சட்டத்தின் நுனி கொளுவியொன்றைத் தள்ளுகின்றது. கொளுவி விடுபடச் சுருள்வில் தொடுகைகளைப் பிரிக்கின்றது.

இப்பொறி தாமதித்தே தொழிற்படும். அத்தாமதம் குறையன்று, வேண்டப்பட்ட குணமேயாம். கம்பியும் உடனே சூடாவதில்லை அன்றோ? கம்பி சூடாகும் வேகத்தை ஒட்டியே சட்டமும் சூடாகுமாறு அமைத்துள்ளனர். வீட்டுச் சுற்றுடைப்பானுக்குரிய அனைத்துலக நியமத்தின்படி, குறித்த ஓட்டத்தின் 1.13 மடங்குவரை ஒரு மணித்தியாலத்துக்குள் அது விழலாகாது, 1.45 மடங்காயின் ஒரு மணித்தியாலத்துக்குள் விழுந்தே ஆகவேண்டும். 16 அம்பியர்க் கருவிக்கு இவ்வெல்லைகள் முறையே ஏறத்தாழ 18 அம்பியரும் 23 அம்பியரும் ஆகும். ஒரே சுற்றில் 2000 உவாற்றுக் கேத்தல், 1500 உவாற்று மின்னடுப்பு, 1200 உவாற்று ஸ்திரிக்கைப் பெட்டி ஆகிய மூன்றும் இணைந்தால் மொத்தம் 4700 உவாற்று. 230 உவோற்றில் இது 20.4 அம்பியர். இவ்வளவு ஈரெல்லைகளுக்கும் இடைப்பட்டது. ஆதலின் கருவி சில வேளைகளில் நெடுநேரம் சென்று விழும். சில வேளைகளில் விழாமலும் இருக்கும். '16 என்று எழுதியிருக்க 20 அம்பியரைத் தாங்குகின்றதே' என்று ஐயுறுவோர்க்கு விடை இதுவே. விழுந்த பின்னர் உடனே நெம்பை ஏற்றினால் அது நிலைகொள்ளாததற்கும் காரணம் சட்டம் இன்னும் ஆறாமையே. இன்னும், இக்கருவி 30 பாகை செல்சியசுச் சூழலை அடிப்படையாகக் கொண்டு அளவுசெய்யப்படுவதால், வெயில் படும் சுவரில் மூடிய பெட்டியுள் இருப்பின் சற்று முந்தியே விழும்.

மெல்லெனச் சூடாகும் சட்டம் மிகைச்சுமைக்குப் போதும், குறுஞ்சுற்றுக்குப் போதாது. உயிர்க்கம்பியும் நொதுமற்கம்பியும் நேரே தொட்டுவிட்டால், வழியிலுள்ள மொத்தத் தடை 0.5 ஓம் எனக் கொள்ளினும், ஓட்டம் 460 அம்பியராகின்றது. சட்டம் வளையும்வரை பொறுத்திருந்தால் பெருஞ்சேதம் விளையும். இங்கேதான் வரிச்சுருள் துணைக்கு வருகின்றது. மின்னோட்டம் காந்த ஊசியைத் திருப்பும் என்பதை ஏர்ஸ்ரெட் 1820 இற் கண்டார். சுருளினுள் இரும்பை வைத்து மின்காந்தம் ஆக்கலாமென்பதை ஸ்ரேஜன் 1825 இற் காட்டினார். சுற்றுடைப்பானின் சுருளுள் சிறு இரும்புத்தண்டு ஒன்றுண்டு. வழமையான ஓட்டத்தில் அதன் எதிரிலுள்ள சுருள்வில் அதனைத் தடுத்து வைத்திருக்கும். ஓட்டம் திடீரெனப் பன்மடங்காயின் காந்தவிசை வில்லை வெல்லும். தண்டு பாய்ந்து கொளுவியை விடுவிப்பதோடு அசையுந் தொடுகையையும் சுத்தியல்போல் அடித்து விலக்கும். இவையாவும் பெரும்பாலும் செக்கனின் நூறிலொரு பங்களவான காலத்துள் முடிந்துவிடும். எனவே, சட்டம் காலத்தைக் கணக்கிற் கொள்வது. சுருள் கணத்தில் முடிவு செய்வது. ஒன்றன் குறையை மற்றது நிரப்புகின்றது.

கொளுவியமைப்பில் மற்றொரு நுட்பமும் உண்டு. நெம்பை விரலால் மேலே அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாலும், குற்றம் இருப்பின் உள்ளே தொடுகைகள் பிரிந்தே தீரும். வெளியிலுள்ள நெம்புக்கும் உள்ளிருக்கும் தொடுகைக்கும் உள்ள தொடர்பு கொளுவியின் வழியாகவே அமைந்திருப்பதால், காவலனைக் கைப்பலத்தால் வெல்ல முடியாது.

மின்வில்லை அணைத்தல்

தொடுகைகள் பிரிந்ததும் ஓட்டம் நின்றுவிடும் என்று கருதுதல் தவறு. பெரிய ஓட்டம் செல்லும்போது தொடுகைகள் பிரியின், இடையிலுள்ள காற்றே மின்கடத்தியாக மாறும். பல்லாயிரம் பாகை வெப்பமுள்ள சுடரொன்று இரண்டையும் பாலம்போல் இணைக்கும். இதுவே மின்வில் எனப்படும். இதனை அணைக்காவிடின் தொடுகைகள் உருகிக் கருவியே தீப்பற்றும். ஆகவே சுற்றுடைப்பானின் உண்மையான வலிமை திறத்தலில் அன்று, அணைத்தலிலேயே தங்கியுள்ளது.

கூட்டினுள் ஒருபுறமாக மெல்லிய உருக்குத் தகடுகள் புத்தக ஏடுகள்போல் இடைவெளிவிட்டு அடுக்கப்பட்டிருப்பதைக் காணலாம். மின்வில்லும் ஒரு மின்னோட்டமே. ஆதலின் தானே ஆக்கும் காந்தப்புலத்தாலும் உருக்கின் ஈர்ப்பாலும் அது தகடுகளை நோக்கி ஓடுகின்றது. அங்கே நீண்ட ஒரு வில் பல குறுந்துண்டுகளாகப் பிளவுபடுகின்றது. ஒவ்வொரு துண்டும் எரிந்துகொண்டிருக்க ஏறத்தாழ 20 முதல் 30 வரையான உவோற்று வேண்டும். பன்னிரு தகடுகள் இருப்பின் பதின்மூன்று துண்டுகள். துண்டொன்றுக்கு 25 உவோற்றெனக் கொள்ளின் மொத்தம் 325 உவோற்று. 230 உவோற்று ஆடலோட்ட வழங்கலின் உச்சப் பெறுமானமும் ஏறத்தாழ அதுவே. வழங்கும் அழுத்தம் போதாமையால் வில் நலிகின்றது. தகடுகள் அதன் வெப்பத்தையும் உறிஞ்சுகின்றன. நம் வழங்கலில் ஓட்டம் செக்கனுக்கு 100 முறை பூச்சியத்தைக் கடப்பதும் துணைசெய்ய, வில் அணைந்துவிடுகின்றது.

நேரோட்டத்துக்கு இத்துணை இல்லை. அது ஒருபோதும் தானாகப் பூச்சியமாவதில்லை. கூரையிற் சூரியத் தகடுகள் பொருத்தும் வீடுகள் பெருகிவரும் இந்நாளில் இது கருதத்தக்கது. அத்தகடுகளிலிருந்து வரும் நேரோட்டச் சுற்றில் ஆடலோட்டத்துக்கென ஆக்கிய சுற்றுடைப்பானைப் பொருத்தினால், அது திறந்தும் வில் அணையாது எரியக்கூடும். அங்கே நேரோட்டத்துக்கென அமைந்த கருவியே வேண்டும்.

முகப்பில் எழுதியிருப்பவை

இவற்றை அறிந்தபின் கருவியின் முகப்பிலுள்ள குறிகள் பேசத் தொடங்கும். 'சீ 16' என்றிருப்பின், 16 என்பது அது தொடர்ந்து தாங்கும் அம்பியர். 'சீ' என்பது சுருள் எப்போது பாயும் என்பதைக் குறிக்கும். 'பி' வகை குறித்த ஓட்டத்தின் 3 முதல் 5 மடங்குக்கிடையிலும், 'சீ' வகை 5 முதல் 10 மடங்குக்கிடையிலும், 'டி' வகை 10 முதல் 20 மடங்குக்கிடையிலும் உடனே திறக்கும். நீரிறைக்கும் மோட்டர் தொடங்கும் கணத்தில் வழமையான ஓட்டத்தின் பன்மடங்கைச் சிறிதுநேரம் ஈர்ப்பதால், அத்தகைய சுற்றுக்குப் 'பி' வகை பொருந்தாது விழுந்துகொண்டிருக்கலாம்; 'சீ' வகை அதனைப் பொறுத்துக்கொள்ளும். சிறு கட்டமொன்றுள் '6000' என்றிருப்பின், 6000 அம்பியர் வரையான குறுஞ்சுற்றோட்டத்தைக் கருவி பாதுகாப்பாக அறுக்கவல்லது என்பது பொருள்.

அறியாத பகைவன்

இனி இரண்டாம் வினாவுக்கு வருவோம். சுற்றுடைப்பான் காவாதது எதனை? மனிதனை. உயிர்க்கம்பியை ஒருவர் தொடுகின்றார் எனக் கொள்வோம். உடலின் தடை 1000 ஓம் அளவாயின் அவரூடு நிலத்துக்குச் செல்லும் ஓட்டம் 0.23 அம்பியர். இதயத்தின் ஒழுங்கைக் குலைத்து உயிரைப் போக்க இது போதியதிலும் அதிகம். ஆனால் 6 அம்பியர்ச் சுற்றுடைப்பானுக்கு இது சிறு விளக்கொன்றின் ஓட்டம் போலவே தோன்றும். ஈருலோகச் சட்டமும் வளையாது, சுருளும் அசையாது.

புவித்தொடுப்பு இருப்பின் போதாதா எனச் சிலர் வினவுவர். நம் நாட்டு வீடுகளிற் பெரும்பாலும் நிலத்திற் பதித்த உலோகக் கோலே புவித்தொடுப்பாகும். அதன் தடை 20 ஓம் எனக் கொள்ளின், கேத்தலின் உடலில் உயிர்க்கம்பி பட்டபோது புவிக்குச் செல்லும் ஓட்டம் 11.5 அம்பியர் மட்டுமே. 16 அம்பியர்ச் சுற்றுடைப்பான் அதற்கும் விழாது. கேத்தலின் உடல் மின்னேறியபடியே இருக்கும்.

இக்குறையை நிறைப்பதே மீதி மின்னோட்டச் சுற்றுடைப்பான். அதனுள் வளையவடிவான காந்த அகணியொன்று உண்டு. உயிர்க்கம்பியும் நொதுமற்கம்பியும் அவ்வளையத்தினூடு ஒருங்கே செல்கின்றன. சென்ற ஓட்டம் முழுவதும் திரும்பி வந்தால் இரண்டின் காந்த விளைவுகளும் ஒன்றையொன்று அழிக்கும். ஒரு பகுதி மனித உடலின் வழியாகவோ கேத்தலின் உடல் வழியாகவோ புவிக்குச் சென்றுவிட்டால் வரவுசெலவு ஒவ்வாது. எஞ்சிய காந்தப்புலம் அகணியிற் சுற்றிய மூன்றாவது சுருளில் மின்னைத் தூண்டி, நுண்ணிய கொளுவியொன்றை விடுவிக்கும். வீடுகளுக்குரிய கருவி 30 மில்லியம்பியர், அதாவது 0.03 அம்பியர், கசிவதற்குள் தொழிற்படும். எனினும் இதற்கும் எல்லையுண்டு. புவியோடு தொடர்பின்றி நின்று இரு கம்பிகளையும் இரு கைகளாற் பற்றியவரை இது காவாது. அவரூடு சென்ற ஓட்டம் கணக்குத் தவறாமல் திரும்பிவிடுகின்றது. மிகைச்சுமையையும் இது அறியாது. எனவே இரு கருவிகளும் வேண்டும். ஒன்று மற்றதற்கு ஈடாகாது.

நம் கடமை

மேற்கூறியவற்றிலிருந்து சில கடமைகள் பெறப்படும். நெம்பு விழுந்தால் முதலில் காரணத்தை ஆராய்தல் வேண்டும். பல கருவிகளை ஒருங்கே இயக்கியபின் விழுந்ததாயின் மிகைச்சுமை. ஏற்றிய கணமே விழுமாயின் குறுஞ்சுற்று. சோதனைப் பொத்தானுள்ள கருவி விழுந்ததாயின் எங்கோ கசிவு உண்டு. கருவிகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தால் குற்றமுள்ளதை அறியலாம். அங்ஙனம் அறிய இயலாதாயின் தகுதிபெற்ற மின்வினைஞரை அழைத்தல் வேண்டும். சோதனைப் பொத்தானைத் தயாரித்தோர் குறித்த காலந்தோறும் அழுத்திப் பார்த்தல் வேண்டும். அழுத்தியும் விழாத கருவி காவலன் அன்று, வெறுஞ் சுவரணியே.

யாவற்றினும் முதன்மையானது ஒன்றுண்டு. கம்பியை மாற்றாது சுற்றுடைப்பானை மாத்திரம் பெரிதாக்குதல் கூடாது. 16 அம்பியர்க் கருவியை அகற்றி அதனிடத்தில் 32 அம்பியர்க் கருவியை வைத்தால், நெம்பு விழுதல் நிற்கும். ஆனால் 77 உவாற்று வெப்பத்துக்கு அமைந்த கம்பியில் 307 உவாற்று வெப்பம் பிறக்க நாமே இசைவு அளித்தவராவோம். அக்காலத்தில் உருகிக்குச் செப்பிழை முறுக்கியவர் செய்த பிழையும் இஃதே. கருவிகள் மாறினும் பிழை மாறவில்லை. நெம்பு விழுந்து வீடு இருளும்போது சினங்கொள்ளாது, கம்பி எம்மிடம் ஏதோ கூற விழைகின்றது என்றெண்ணிச் செவிசாய்த்தலே அறிவுடைமையாகும்.